பதினெட்டுப் புள்ளி நான்கு

அயோவாவில் ஜூலை, இரவு ஒன்பது நாற்பது.
சோளக்காட்டிலிருந்து ஏறிவரும் புழுக்கம்.
மைதான விளக்குகளை மொய்க்கும் பூச்சிகள்.
படிவரிசைக்கு மேலே, கண்ணாடியில்லாச் சன்னலில்
நான்: கலர் கார்டு நடுவர்.
கையில் ஒலிப்பதிவுக் கருவி, ஆறிப்போன காப்பி.
இப்போது நான் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் நாளை
ஏதோவொரு பள்ளி ஜிம்மின் தரையில் படுத்தபடி
அவர்கள் கேட்பார்கள்.

நூற்று ஐம்பத்து மூன்று பேர்.
நூற்று ஐம்பத்து நான்கு இருக்கவேண்டும்.

ஓசையை முதலில் சொல்லிவிடுகிறேன்,
அது என் துறை இல்லை என்றாலும்.
பின்கோட்டில் ஒன்பது ஸ்நேர்.
வெகுதூரம் முன்னே, ஓரக்கோட்டில், மரிம்பாக்கள்.
ஒலி நடந்துதான் வரும்.
முன்னால் நிற்பவர்கள் டிரம் மேஜரின் கையை மட்டும் நம்பினால்
என் காதில் எல்லாம் இரட்டையாய் விழும்.
ஆகவே முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் அடியைக் காத்திருந்து,
அது தம்மைக் கடக்கும் கணத்தில்
தம் அடியையும் அதில் ஏற்றி அனுப்புகிறார்கள்,
ஓடும் பேருந்தில் பெட்டியைத் தூக்கிப் போடுவதுபோல.
மேலே வந்துசேர்வது ஒற்றை அடி.

பிறகு அந்த மெல்லிய பகுதி.
குச்சி மூன்று அங்குலம்கூட எழாமல்
பதினெட்டுக் கை, மணல் சரிவதுபோல.
உரக்க அடிக்கையில் பிழைக்கு ஒளிய இடமுண்டு.
இங்கே ஒரு மணிக்கட்டு தும்மினால் தெரியும்.
ஒன்றும் தும்மவில்லை.

"துருநிறப் பட்டு," என்கிறேன் கருவியிடம்,
"காற்று தெற்கிலிருந்து, அதையும் கணக்கில் எடுத்திருக்கிறீர்கள்.
இடது ஓரத்துப் பெண்ணே,
உன் கொடிக்கம்பு நின்றுவிட்டது, உன் மூச்சு நிற்கவில்லை.
அதுதான் எனக்கு வேண்டும்."

வெள்ளை மரத் துப்பாக்கிகள் வருகின்றன,
ஆறு ஜோடி. ஒருவர் எறிய, எதிரிலிருப்பவர் பிடிக்க,
நடுவே காற்றில் ஆறு சுழற்சி.
ஐந்தாவது ஜோடியில் ஒருத்தி மட்டும்.
எதிரே
ஆளளவு காலியிடம்.

அதை யாரும் மூடவில்லை.
பக்கத்திலிருப்பவர்கள் இரண்டிரண்டு அடி நகர்ந்திருந்தால்
மேலிருந்து பார்க்கும் எனக்கே தெரிந்திருக்காது.
வரிசை வளைந்தபோது காலியிடமும் வளைந்தது,
சரியான அடியில் திரும்பியது.
பித்தளைக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்,
யார் தோளிலோ இடித்துவிடக் கூடாதே என்பதுபோல.

அவள் எறிந்தாள்,
அந்த வெற்றிடத்தை நோக்கி, வழக்கமான உயரத்துக்கு.
எறிந்த கையோடு ஓடினாள்.
ஐந்தாம் சுழற்சிக்குள் அவன் நிற்கவேண்டிய புள்ளியை எட்டி
அவனாகத் திரும்பி
கை நீட்டினாள்.

கட்டைவிரலில் பட்டு நழுவியது.
புல்லில் ஒருமுறை குதித்தது.
முகம் குனியவில்லை. அடுத்த அடியில் துப்பாக்கி கையில்.
எப்போது எடுத்தாள்? என்னால் சொல்ல முடியவில்லை.
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

நள்ளிரவில் மதிப்பீட்டு மேசைக்கு வந்தார்
பயிற்றுநர் ஆன்செல் புரூயின்ஸ்மா,
சட்டையில் உப்புக்கோடுகள். வாதாடவில்லை.
செவ்வாயன்று பையனுக்குக் கணுக்கால் பிசகியதாம்.
"டெசா நேற்றிரவு வாகன நிறுத்தத்தில்,
பேருந்து விளக்கில், நூற்றுப் பத்து முறை எறிந்தாள்."
எத்தனை பிடித்தாள் என்றேன்.
தாளை நான்காய் மடித்தார்.
"முப்பத்தொன்று."
இடைவெளியை மூடியிருக்கலாமே என்றேன்.
"வெள்ளிக்கிழமை அவன் திரும்பிவருகிறான்.
எங்கே வந்து நிற்பான்?"

பதினெட்டுப் புள்ளி நான்கு.
விழாதிருந்தால் ஐந்து. மாற்றமில்லை.

விடுதி அறையில் பதிவைத் திரும்ப ஓட்டுகிறேன்.
துப்பாக்கி நழுவிய இடத்தில்
நான் பேச மறந்த நான்கு நொடி.
அதற்குள்ளே ஒன்பது ஸ்நேர்,
யாரையும் திரும்பிப் பாராமல்,
ஒற்றைக் காலாய் நடந்துபோகின்றன.